கடல் இல்லாத ஊருக்கு வந்த படிவம்

என் கையெழுத்தைப் பார்த்துச் சிரிப்பு வந்தால் அடக்கவேண்டாம். சிரித்துவிட்டு வாசியுங்கள். தோட்டத்துப் பாடசாலையில் ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். பெரிய ‘ற’ எங்கே வரும், சின்ன ‘ர’ எங்கே வரும் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. கைக்கு எது முதலில் வருகிறதோ அதைப் போடுகிறேன். அச்சில் ஏற்றுகிறவர் பிழைகளைத் திருத்திக்கொள்ளட்டும். நடந்ததை மட்டும் திருத்தவேண்டாம்.

நான் கூச்சக்காரன். நாலு பேர் நிற்கிற இடத்தில் நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். பெண் பார்க்கப் போன அன்று என் பெயரைக்கூட என் மாமாதான் சொன்னார். அப்படிப்பட்ட நான் ஒரு நாள், ஒரே ஒரு நாள், ஒரு டாக்டர் முன்னால் நின்று கத்திப் பேசினேன். அதை நினைத்தால் இப்போதும் நெஞ்சு படபடவென்று அடிக்கிறது. பயத்தில் இல்லை, சந்தோஷத்தில்.

எங்கள் தோட்டம் பசறைக்கு மேலே இருக்கிறது. நான் தொழிற்சாலையில், நாங்கள் ஸ்டோர் என்று சொல்கிற இடத்தில், கொழுந்து வாட்டுகிற மாடியில் வேலை. என் சம்சாரம் கொழுந்து எடுப்பவள். கை வேகத்தில் எங்கள் டிவிசனில் அவளை மிஞ்ச ஒருத்திதான் இருந்தாள். அடுத்த லயத்துக்காரி, அதாவது அடுத்த வரிசை வீட்டுக்காரி. இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்து நிரையில்தான் நிற்பார்கள். அவள் என் சம்சாரத்தை ‘மதினி’ என்று கூப்பிடுவாள். சொந்தம் இல்லை, வாய்ச்சொந்தம். மதினியும் மதினியும் போட்டி போட்டுக்கொண்டு கொழுந்து எடுப்பதைப் பார்த்தால் சண்டை என்று நினைக்கத் தோன்றும்.

2004ஆம் வருஷம், நல்ல வெயில் நாளில், நிழலுக்கு நட்ட மரத்தில் இருந்த குளவிக் கூட்டைக் கழுகு கலைத்துவிட்டது. குளவி வந்தால் ஓடக்கூடாது என்று, காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டில் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார்கள். இடுப்பில் கட்டியிருக்கிற சாக்குத் துணியை, படங்கை, அவிழ்த்துத் தலையோடு மூடிக்கொண்டு குப்புறப் படுத்துவிடவேண்டும். என் சம்சாரம் அப்படியே படுத்தாள். அடுத்த லயத்துக்காரி ஓடினாள். கூடையோடு ஓடி, கானில் விழுந்தாள். மழைத் தண்ணீர் போக வெட்டிய வாய்க்காலைத்தான் கான் என்கிறோம். என் சம்சாரம் படுத்திருந்த இடத்துக்கும் அந்தக் கானுக்கும் மூன்று தேயிலைச் செடிதான் தூரம்.

லொறியில் ஏற்றி பதுளைக்குக் கொண்டுபோனார்கள். வழியிலேயே முடிந்துவிட்டது.

என் சம்சாரத்துக்கு ஒரு கொட்டுகூட இல்லை. பார்த்தவர்கள் எல்லாரும் அதைத்தான் சொன்னார்கள். “ஒங்களுக்கு நல்ல நேரமுங்க. ஒரு தடிப்பு இல்ல பாருங்க!”

அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது. லயத்துச் சுவரில் இருந்த ஓட்டையை எல்லாம் துணி வைத்து அடைத்தாள். கணக்கப்பிள்ளையின் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் அடுப்பில் சோறு கொதித்தாலும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிடுவாள். வாட்டு மாடியில் பெரிய விசிறிகள் ஓடும். அந்த இரைச்சலுக்குப் பயந்து எனக்குச் சாப்பாடு கொண்டுவருவதையும் நிறுத்தினாள். தூக்கத்தில் தலைவரை போர்வையை இழுப்பாள். நான் தொட்டால் கல் மாதிரி இருப்பாள்.

ஆனால் விடிந்தால் போதும், படங்கைக் கட்டிக்கொண்டு பெரட்டுக்குப் போவாள். மலையில் பாதி ஏறுவாள். முதல் நிழல்மரம் தெரிந்ததும் கால் நின்றுவிடும். திரும்பி வருவாள். பேர் என்றால் ஒரு நாள் சம்பளம்; ஒரு நாள் அரைப்பேர், ஒரு நாள் பேரே இல்லை. பூசாரியிடம் கயிறு கட்டினோம். தோட்டத்து மருந்துக்காரர் பார்த்தார். “காயம் எங்க? காயம் இல்லாம துண்டு குடுக்க ஏலாது” என்று அனுப்பிவிட்டார். துண்டு என்றால் மருத்துவச் சீட்டு; அது இல்லாவிட்டால் நோய் இல்லை. தோட்டத்தில் அதுதான் சட்டம்.

கடைசியில் பெரிய கிளாக்கர் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். “ஒன் சம்சாரத்துக்கு இந்த மாசம்தான். அடுத்த மாசமும் மலைக்குப் போகலேன்னா பேர வெட்டத்தான் வேணும். நான் என்னப்பா செய்ய?” அவர் கெட்டவர் இல்லை. புத்தகத்தில் இருக்கிற முறையைச் சொன்னார். ஆனால் பதினைந்து வயதில் தோட்டத்துப் பேர்ப்பதிவில், செக்ரோலில், ஏறிய பேர் அது. அதை வெட்டினால் அவள் மிச்சமும் ஒடிந்துவிடுவாள் என்று எனக்குத் தெரியும்.

இந்த நேரத்தில்தான் படிவம் வந்தது.

கடற்கரையில் அலை வந்து ஊரையே கொண்டுபோன அடுத்த வருஷம் அது. மனது பாதிக்கப்பட்டவர்களைப் பார்க்க டாக்டர்மார் ஊர் ஊராகப் போனார்கள். எங்கள் பக்கத்துக்கும் ஒரு நாள் வருவதாகச் சொன்னார்கள். ஒரே ஒரு நாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாடசாலையில்.

தோட்டத்து ஆட்களுக்குப் படிவம் என்றால் ஒரே அர்த்தம்தான். சில வருஷத்துக்கு முன் மேல் டிவிசனில் மண் சரிந்தபோது படிவம் நிரப்பியவர்களுக்குத் தகரமும் வாளியும் கிடைத்தன. ஆள் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, ஒரு மாட்டுக்கொட்டில்தான் போனது. ஆனால் தகரம் கிடைத்ததை யாரும் மறக்கவில்லை. ஞாயிறு காலையில் பாடசாலை வாசலில் நின்ற வரிசை கோயில் திருவிழாவுக்குக்கூட நின்றதில்லை.

வாசலில் மேசை போட்டு, பதுளையிலிருந்து வந்த ஒரு ஐயா உட்கார்ந்திருந்தார். கண்ணாடி மூக்கு நுனியில். படிவத்தை எடுத்து உரக்க வாசித்தார். “சுனாமி. குண்டுவெடிப்பு. மண்சரிவு. வெள்ளம். வாகன விபத்து. தீ. தாக்குதல். இதுல எது நடந்திச்சோ அத சொல்லுங்க. வேற கத வேணாம்.”

“ஐயா, சுனாமின்னு போட்டா என்னங்க கெடைக்கும்?” என்று ஒருத்தர் கேட்டார்.

“யோவ், ஒங்களுக்கு இங்க கடல் எங்கய்யா இருக்கு?”

“எங்க மாமியா பசறையில இருந்து வந்து எறங்குனாங்க பாருங்க, அத விட பெரிய அலையா?” என்று பின்னால் இருந்து ஒரு குரல். மாமியாரும் அதே வரிசையில்தான் நின்றார். “அடேய், வீட்டுக்கு வா, அலை எதுன்னு காட்டுறேன்!” என்றார். வரிசையே சிரித்தது.

தோட்டத்துச் சங்கத் தலைவர் வரிசை நெடுகப் போய்க் காதோடு காதாகச் சொன்னார். “எல்லாரும் மண்சரிவுன்னு சொல்லுங்க. அதுக்குத்தான் போன தடவ குடுத்தாங்க.” எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. எனக்குத் தகரம் வேண்டாம். ஆனால் குளவி அந்தப் படிவத்தில் இல்லையே! இல்லாததைச் சொன்னால் வாசலோடு திருப்பிவிடுவார்கள். “மண்சரிவுன்னு சொல்லு. உள்ள போனாப் போதும்” என்று என் சம்சாரத்திடம் சொன்னேன். அவள் தலையாட்டினாள். நான் செய்த முட்டாள்தனம் அது.

உள்ளே டாக்டர் அம்மா. யாழ்ப்பாணத்துப் பெண், நாற்பது வயது இருக்கும். நான் கதவோரம் நின்றேன்.

“இருங்கோ அம்மா. மண்சரிவு எண்டு எழுதியிருக்கு. நீங்கள் அப்ப எங்க நிண்டனீங்கள்?”

“வீட்டுலதாங்க.”

“மண் வந்தது தெரிஞ்சதோ?”

“இல்லீங்க. மறுநாதான் சொன்னாங்க.”

“நினைச்சா பயம் வருதோ?”

“இல்லீங்க.” என் சம்சாரத்துக்குப் பொய் வராது. வாயில் வைத்தாலும் துப்பிவிடுவாள்.

டாக்டர் அம்மா பேனாவைக் கீழே வைத்தார். “இண்டைக்கு எனக்கு வந்த இருபத்தியோராவது மண்சரிவு இது. அம்மா, நான் தகரம் குடுக்கிற ஆள் இல்லை. உங்களுக்கு வேற ஏதும் நடந்ததோ?”

என் சம்சாரம் தரையைப் பார்த்தாள். “எனக்கு ஒண்ணும் நடக்கலீங்க” என்றாள். எழுந்தாள்.

ஏன் சொல்லவில்லை என்று எனக்கு மட்டும் தெரியும். கானில் கிடந்தவள் “மதினி” என்று இரண்டு தடவை கூப்பிட்டாளாம். இவள் படங்கைத் தூக்கிப் பார்க்கவில்லை. அதை என்னிடம் ஒரே தடவை சொன்னாள், அதற்குப் பிறகு அந்தப் பேச்சே இல்லை. செத்தவளின் புருஷன் அன்றைக்கு எங்களுக்கு அடுத்த ஆளாக வரிசையில் நின்றார். கதவு திறந்துதான் கிடந்தது. அவர் காதில் விழும்படி அதை எப்படிச் சொல்வாள்?

அவள் என்னைத் தாண்டி வெளியே போனாள். படிவத்து ஐயா அடுத்த பேரைக் கூப்பிட வாயைத் திறந்தார். மாசம் முடிய நாலு நாள். இந்த டாக்டர் திரும்பி வரமாட்டார். எனக்குள் என்ன நடந்தது என்று தெரியவில்லை. அவள் கையைப் பிடித்து மறுபடி உள்ளே இழுத்துக்கொண்டு போனேன்.

“மண்சரிவு பொய்ங்க!” என்றேன். என் குரலை நானே அவ்வளவு பெரிதாகக் கேட்டதில்லை. “நாந்தான் சொல்லச் சொன்னேன். குளவிங்க! குளவி வந்திச்சு. கூட நின்ன பொம்பள செத்துப்போச்சு. இவ பக்கத்துல படுத்திருந்தா. ஒன்பது மாசமா மனுசியா இல்லீங்க இவ!”

படிவத்து ஐயா பின்னாலேயே வந்துவிட்டார். “டாக்டர், லிஸ்ட்ல குளவி இல்ல. நான் அப்பவே சொன்னேன், வேற கத வேணாம்னு.”

டாக்டர் அம்மா அவரைப் பார்க்கவில்லை. என் சம்சாரத்தைப் பார்த்தார். “உங்களுக்குக் கொட்டினதோ?”

“ஒரு கொட்டுகூட இல்லீங்க” என்றாள். குற்றத்தை ஒத்துக்கொள்வது மாதிரிச் சொன்னாள்.

“பாருங்க, காயமும் இல்ல” என்றார் ஐயா.

அப்போதுதான் டாக்டர் அம்மா அந்தப் படிவத்தைத் திருப்பி எங்கள் பக்கம் வைத்தார். சுனாமிக்கும் குண்டுக்கும் தீக்கும் கீழே, கடைசியில் ஒரு வரி இருந்தது. ‘வேறு’ என்று எழுதி, அதற்குப் பிறகு புள்ளி புள்ளியாக வெற்றிடம். ஐயா அதை வாசிக்கவே இல்லை!

“இந்த லிஸ்ட் உதாரணம் மட்டும்தான், ஐயா” என்றார் அவரிடம். “கடலுக்குப் பக்கத்தில இருக்கிற ஆக்களுக்கு அடிச்ச ஃபாரம் இது. இங்க குளவி இருக்கும் எண்டு அடிச்சவைக்குத் தெரியாது. எந்தச் சம்பவம் எண்டு பேரைப் பாக்கிறேல்லை. ஆள் சாகிற அளவுக்கு, இல்லாட்டில் பலமாக் காயப்படுற அளவுக்கு வந்ததோ எண்டுதான் பாக்கிறது. அது தனக்கு வந்தாலும் சரி, பக்கத்தில ஒரு ஆளுக்கு வந்ததைக் கண்ணால கண்டு காதால கேட்டாலும் சரி. தோலில காயம் வேணும் எண்டு எங்கயும் எழுதேல்லை.”

அப்பா! அந்தச் சொல்லைக் கேட்டதும் நான் மேசையைத் தட்டிவிட்டேன். மைப்போத்தல் உருண்டது. ஒன்பது மாசமாக எல்லாரும் அவள் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்களே, தடிப்பு எங்கே, காயம் எங்கே என்று! பார்க்கவேண்டிய இடமே அது இல்லையாம்!

“ஆனால் சம்பவம் மட்டும் காணாது” என்றார் டாக்டர் அம்மா. “பெரிய சம்பவம் நடந்த எல்லாருக்கும் மனவடு வாறேல்லை. இப்ப உங்கட மனுசியிட்ட கேக்கப்போறன். நீங்கள் குறுக்க பேசக்கூடாது.”

என்னைப் பார்த்துக் குறுக்கே பேசாதே என்று சொன்ன முதல் ஆள் அவர்தான்!

கேட்டார். அது திரும்பத் திரும்பக் கண்ணுக்குள் வருகிறதா, எதைக் கண்டு விலகுகிறாள், எந்தச் சத்தத்துக்குத் திடுக்கிடுகிறாள், எத்தனை மாசமாக. என் சம்சாரம் ஒவ்வொன்றாகச் சொன்னாள். முதலில் முணுமுணுப்பாக, பிறகு அணை உடைந்த மாதிரி. நான் அறியாததெல்லாம் வந்தது. கொழுந்துக் கூடையைப் பார்த்தாலே உள்ளங்கை வியர்க்கிறதாம்.

“அந்த நேரம் எப்பிடி இருந்தது?”

“கை காலு என்னுது இல்லாத மாதிரிங்க. தூக்கணும்னு பார்த்தேன். அசையல.” நிறுத்தினாள். கதவுப் பக்கம் பார்த்தாள். பிறகு சொல்லியேவிட்டாள். “மதினின்னு கூப்பிட்டா. ரெண்டு தடவ. நான் போகல.”

வெளியே வரிசையில் சத்தம் அடங்கிவிட்டது. செத்தவளின் புருஷன் கதவில் வந்து நின்றார். அவர் என்னை மச்சான் என்பார், அவளைத் தங்கச்சி என்பார். ஒன்பது மாசமாக எங்கள் லயத்துப் பக்கமே வரவில்லை.

“தங்கச்சி” என்றார். “இதுக்கா என் மூஞ்சப் பார்க்காம சுத்துன? நான் என்ன நெனச்சேன் தெரியுமா? என் மேல கோவம்னு நெனச்சேன். நீ எந்திரிச்சுப் போயிருந்தா மச்சானும் என்னைய மாதிரி தனியா சோறாக்கிக்கிட்டு இருந்திருப்பான். இவன் ஆக்குற சோத்த நாயி திங்குமா?”

என் சம்சாரம் அழுதுகொண்டே சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை மாசம்!

டாக்டர் அம்மா அவரையும் உட்காரவைத்தார். குளவி வந்த அன்றைக்கு அவர் ரப்பர் பால் வெட்ட மொனராகலைப் பக்கம் போயிருந்தார், ஒன்றையும் பார்க்கவில்லை. “எனக்கு வராதில்லீங்களா? நான் பார்க்கலியே” என்றார். சொந்த மனுசி அப்படித் திடீரென்று போனதைக் கேள்விப்பட்டதும் இதில் சேரும் என்றார் டாக்டர் அம்மா. அவரிடமும் எல்லாவற்றையும் கேட்டார். கடைசியில், “உங்களுக்கு இருக்கிறது துக்கம், அண்ணை. அதுக்கு நோய் எண்டு பேர் வைக்கமாட்டன். ஆனா கதைக்க ஆள் வேணும். பதுளை ஆஸ்பத்திரிக்கு வாங்கோ” என்றார்.

எனக்கும் ஆசை வந்துவிட்டது. தொண்ணூறுகளில், சோதனைச்சாவடியில் கண்டி பஸ்ஸிலிருந்து என்னை இறக்கி, அடையாள அட்டை இல்லை என்று மூன்று நாள் வைத்திருந்தார்கள். துப்பாக்கியை நெஞ்சில் வைத்துக் கேட்டார்கள். அதைச் சொன்னேன். “அது கட்டாயம் சேரும்” என்றார். எனக்கு ஒரே பெருமை. “இப்ப அது கனவில வருதோ?”

“இல்லீங்க. படுத்தா விடிஞ்சுதாங்க முழிப்பேன்.”

“சோதனைச்சாவடியைக் கண்டா?”

“அட்டைய எடுத்து நீட்டுவேங்க. இப்ப இருக்குங்க!”

“அப்ப உங்களுக்கு ஒண்டுமில்லை. எழும்புங்கோ” என்றார். படிவத்து ஐயாகூடச் சிரித்துவிட்டார். புள்ளி போட்ட வரியில் ‘குளவித் தாக்குதல் – நேரில் கண்டவர்’ என்று அழகான எழுத்தில் அவர்தான் எழுதினார்.

டாக்டர் அம்மா ஒரு கடிதம் தந்தார். நோய் இன்னது, பதுளையில் சிகிச்சை, அதுவரை மலைக்கு அனுப்பாமல் வேறு வேலை கொடுக்கவும். காயாத மையை ஊதி ஊதி மடித்தேன்.

வீட்டுக்கு வருகிற வழி முழுக்க எனக்குக் கால் தரையில் இல்லை. கண்ணில் பட்டவர்களை எல்லாம் பிடித்துக் கணக்குப் போட்டேன். லயத்தில் தீப்பிடித்தபோது உள்ளே மாட்டிக்கொண்ட கிழவர்: சேரும். பிள்ளை பரீட்சையில் தவறியதற்குச் சோறு உண்ணாமல் கிடந்தவர்: வருத்தம்தான், ஆனால் சேராது. பசு செத்தது சேராது. பெரகலச் சந்திக்குக் கீழே பஸ் உருண்டபோது யன்னலில் தொங்கியவர் சேரும், ஆனால் அவர் அடுத்த நாளே அதே பஸ்ஸில் போனார், அதனால் நோய் இல்லை. “மச்சான், நீ இன்னைக்குப் பேசுனது நம்ம கல்யாண நாள்ல இருந்து பேசுனத விட கூட” என்றாள் என் சம்சாரம், செத்தவளின் புருஷன் பேசுவது போலவே என்னை மச்சான் என்று கேலி செய்து. கேலி செய்தாள்! எனக்கு அது போதும்.

பெரிய கிளாக்கர் கடிதத்தை இரண்டு தடவை வாசித்தார். “குளவி கொட்டாததுக்குத் துண்டு வாங்கிட்டு வந்த ஆள் நீ ஒருத்தன்தான்யா” என்றார். ஆனால் தோட்டத்து மேனேஜர் துரையிடம் அவரே கொண்டுபோனார். பிள்ளைக்காம்பராவில், வேலைக்குப் போகிற தாய்மாரின் பிள்ளைகளைப் பார்க்கிற இடத்தில், அவளுக்கு வேலை போட்டார்கள். பேர் வெட்டப்படவில்லை.

பதுளைக்குப் போய்வந்தோம், இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை. எளிதாக இல்லை. சில நாள் பஸ்ஸில் வரும்போது ஒரு வார்த்தை பேசமாட்டாள். நடுவில் இரண்டு மாசம் வரமாட்டேன் என்றும் சொன்னாள். பிறகு டாக்டர் அம்மா சொன்னபடி முதலில் மலையின் அடிவாரம், பிறகு பாதி, பிறகு அந்த மரம் தெரிகிற இடம். செத்தவளின் புருஷனும் சில நாள் கூட நடந்தார். இப்போதும் மோட்டார் சைக்கிள் சத்தத்துக்குத் தோள் தூக்கிப் போடும். ஆனால் உட்காருவதில்லை.

போன வெள்ளிக்கிழமை காலை பிள்ளைக்காம்பராவுக்குப் போகாமல் பெரட்டில் போய் நின்றாள். என்னிடம் சொல்லவில்லை. ஸ்டோருக்குக் கொழுந்து வந்தபோது லொறிக்காரர்தான் சொன்னார், “ஒங்க வீட்டம்மா மேல் மலையில நிக்கிறாங்க” என்று. எனக்கு வேலை ஓடவில்லை. பின்னேரம் நிறுவை முடிந்ததும் ஓடினேன். கணக்கப்பிள்ளை புத்தகத்தில் எழுதிக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தேன். முழுப்பேர்.

அவள் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு நின்றாள். “என்னா அப்புடிப் பார்க்குறீங்க?” என்றாள். “எழுதுறேன் எழுதுறேன்னு கொப்பி வாங்கி வச்சீங்களே, இப்ப எழுதுங்க. எங்க மாதிரி யாராவது காயம் இல்லேன்னு சும்மா இருப்பாங்க. பேரு மட்டும் ஒருத்தரதும் போடாதீங்க.”

போடவில்லை.

2008 மார்ச் 16, ஞாயிற்றுக்கிழமை.